நெல்லைத் தேடி நடந்த பெருமகனார்

உழவுத் தொழிலின் பெருமையைப் பற்றி நம் முன்னோர் மொழிந்தவற்றைத் திரும்பவும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. திருவள்ளுவர் உழவுக்கென்றே ஓரதிகாரம் வகுத்தார் என்பதும், கம்பர் பெயரால் ஏரெழுபது என்றொரு நூல் வழங்கி வருகின்றது என்பதும் நம் சங்கத்துக் குடும்பங்களில் எழுத்தறிந்தார் யாவரும் அறிந்தனவே. புகழுரை இத்துணை இருந்தும், உழவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு முறையாக எழுதிவைக்கப்படுவது நம் நாட்டில் அரிதினும் அரிது. அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. புலவர்க்குத் தனிப்பாடற் கதைகள் உண்டு. கோயிலுக்கு விட்ட நிலத்தின் நான்கெல்லையும் கல்லில் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. அந்நிலத்தில் விளைந்த நெல்லின் விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுத்தவர் இன்னார் என்று கூறும் சாசனத்தைக் காண்பதுதான் அருமை.

அக்குறையை ஒருசிறிது நீக்கும் பொருட்டு, நமது மன்னார்குடிக்குத் தென்கிழக்கே, திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேடு என்னும் சிற்றூரில் தோன்றி, 50 ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்து, 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ஆம் நாள் மறைந்த ‘நெல்’ ஜெயராமன் அவர்களின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இவர் நம் சங்கத்துப் புத்தகத்தில் பெயர் பதிந்தவரா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இப்பத்திரிகையின் பக்கங்களில் நம்மவர் வரலாறே பெரிதும் வெளிவந்துள்ளதாதலின் அவ்வினா இயல்பானதே. அதற்கு நமது விடை ஒன்றுதான்: நெல்லுக்குக் குலமில்லை. நம் குடும்பங்களுள் பெரும்பாலன காவிரி நீரால் விளைந்த நெல்லை விற்றே பிள்ளைகளைப் படிப்பித்தன. பெண்களுக்கு மணம் செய்வித்தன. சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் நடத்தின. அந்நெல்லின் பழைய விதை அற்றுப்போகாமற் காத்தவர் எவராயினும் அவருக்கு நாம் கடன்பட்டவர்களேயாவோம்.

இனி, அவர் செய்த காரியத்தின் அருமை விளங்க வேண்டுமாயின், நம் பகுதி நெல்லின் பழைய நிலைமையை முதற்கண் அறிதல் வேண்டும்.

காவிரி பாயும் நாடு ஒரே சமவெளியாகத் தோன்றினும், அதன் மண் ஓரிடத்தைப்போல் மற்றோரிடத்தில் இராது. பாமணியாற்றங்கரை வண்டல் ஒரு விதம். தலைஞாயிறு, வேதாரணியம் பக்கத்து உவர்நிலம் வேறு விதம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்காக நீர் நிற்கும் பள்ளக்கால்களும் உண்டு. கடைமடையில் கார்த்திகைக்குப் பின் தண்ணீர் முகமே காணாத மேட்டு வயல்களும் உண்டு. இவ்வொவ்வொரு நிலத்திற்கும் ஏற்ற நெல்லை நம் குடியானவர்கள் பலநூறாண்டுப் பழக்கத்தால் தெரிந்தெடுத்து வைத்திருந்தனர். உவர்நிலத்திற்குக் குழியடிச்சான், வெள்ளம் நிற்கும் பள்ளத்திற்குச் சம்பா மோசானம், விரைவில் அறுக்கவேண்டிய இடத்திற்கு அறுபதாம் குறுவை, ஆள் உயரத்திற்கு மேல் ஓங்கி வளர்ந்து ஏறத்தாழ ஆறுமாதம் வயலில் நிற்பது காட்டுயானம், விருந்துக்குச் சீரகச் சம்பா. மணமகனுக்கு வலிவு தருவதென்று மாப்பிள்ளைச் சம்பாவையும், பிள்ளை பெற்ற பெண்டிருக்கு நல்லதென்று பூங்காரையும் ஊரார் போற்றினர். இப்பெயர்கள் வெறும் பெயர்களல்ல. இன்ன மண்ணில், இன்ன பருவத்தில், இன்னார் உண்பதற்கு என்னும் அறிவு முழுவதும் ஒவ்வொரு பெயரினுள்ளும் அடங்கியிருந்தது. அவ்வறிவைக் காத்தவர்களிற் பெரும்பாலோர் ஏட்டைத் தொடாத ஏழைக் குடியானவரும், நல்ல கதிர் பார்த்துக் கொய்து, உலர்த்தி, நொச்சித்தழையும் வேப்பந்தழையும் இட்டு விதையைப் பேணிய பெண்மக்களுமேயாவர்.

சர்க்காரும் இப்பழைய நெல்வகைகளைப் புறக்கணித்ததாகச் சொல்வதற்கில்லை. 1912-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1922-ஆம் ஆண்டு நம் தஞ்சைத் தரணியில் ஆடுதுறையில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அக்காலத்து விஞ்ஞானிகள் உழவரிடமிருந்த நெல்லையே வாங்கி, அதிற் சிறந்ததைப் பிரித்தெடுத்துப் பெருக்கித் திரும்பவும் உழவர்க்கே வழங்கினர். ஜி.ஈ.பி. 24 என்று பேர் பெற்ற சன்ன நெல் அவ்வாறு கிடைத்ததே.

பின்னர் நேர்ந்த மாறுதலுக்குத் தக்க காரணம் இருந்தது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் மாண்டவர் பல லட்சம். விடுதலைக்குப் பின்னரும் நம் தேசம் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியே நின்றது. ஆகவே 1960-ஆம் ஆண்டையொட்டித் தீவிர சாகுபடித் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லாக்களுள் தஞ்சையும் ஒன்றாயிற்று. நம் பழைய நெற்பயிர் உயர்ந்து வளர்வது. அதற்கு ரசாயன உரத்தை மிகுதியாக இட்டால், தழை கொழுத்துக் கதிர் முற்றுமுன்னே சாய்ந்துவிடும். சாயாத குட்டைப்பயிர் வேண்டுமென்று விஞ்ஞானிகள் முயன்றனர். ஜப்பானிய நாரின் 10 என்னும் நெல்லையும் நம் ஜி.ஈ.பி. 24-ஐயும் இணைத்து ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலப் பயிர் 1965-ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து ஐ.ஆர். 8 என்னும் குட்டைநெல் 1966-ஆம் ஆண்டு வந்தது. ஒருபோகம் விளைந்த பல வயல்களில் இருபோகம் விளைந்தது. பசி தணிந்தது, பத்தாயங்கள் நிரம்பின. அந்நன்மையை மறுப்பார் எவருமிலர்.

ஆனால், ஒரு விதை வீட்டிற்குள் நுழைந்தபோது பல விதைகள் வீட்டைவிட்டு வெளியேறின. விதை வேண்டுமாயின் டிப்போவுக்குச் சென்று சாக்கு வாங்கலாம் என்றான பின்னர், கதிர் பார்த்துக் கொய்து வைக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு நின்றுவிட்டது. இரண்டு வருஷம் விதைக்காத நெல் முளைக்கும் திறனை இழப்பது இயற்கை. ஆகவே ஒரு நெல்வகை அழிவதற்குத் தீயும் வெள்ளமும் தேவையில்லை. எல்லோரும் இரண்டு மூன்று பருவம் அதனை மறந்திருந்தாற் போதுமானது. அங்ஙனம் ஓசையின்றி மறைந்த நெல் எத்தனையோ.

இத்தகைய காலத்தில்தான், ஐ.ஆர். 8 வந்து இரண்டாண்டு கழிந்து, 1968-ஆம் ஆண்டில் ஜெயராமன் அவர்கள் பிறந்தார். கட்டிமேடு அப்போது பழைய தஞ்சை ஜில்லாவைச் சார்ந்தது; 1997-ஆம் ஆண்டு திருவாரூர் ஜில்லா தனியே பிரிந்தபின் அதனுள் அடங்கியது. புதுநெற் காலத்திலேயே பிறந்து அதனிடையே வளர்ந்த ஒருவர் பழநெல்லின் காவலராக அமைந்தது வியப்பே. பட்டமும் பதவியும் பெற்று இத்துறைக்கு அவர் வந்தவரல்லர். நுகர்வோர் உரிமைக்காக உழைக்கும் பொதுத்தொண்டராகவே முதலில் அறியப்பட்டார். மக்கள் உண்ணும் பண்டம் நஞ்சற்றதாக இருக்கவேண்டுமென்று பேசப் புகுந்தவர், அதன் மூலத்தை நாடிச் சென்று விதையில் வந்து நின்றார்.

அவரை அவ்வழியில் ஆற்றுப்படுத்தியவர் கோ. நம்மாழ்வார் அவர்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து இளங்காட்டில் 1938-ஆம் ஆண்டு பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்து, அது மானாவாரிக் குடியானவர்க்குப் பயன்படவில்லை என்று கண்டு 1969-ஆம் ஆண்டு அதனைத் துறந்தவர் அவர். காலால் நடந்து ஊர் ஊராகச் சென்று குடியானவரோடு திண்ணையிலும் மரத்தடியிலும் அமர்ந்து பேசுவதையே தம் பள்ளிக்கூடமாக அவர் கொண்டிருந்தார். 2003-ஆம் ஆண்டில் பூம்புகார் தொடங்கிக் கல்லணை வரையில் காவிரிக்கரை வழியே அவர் மேற்கொண்ட நடைப்பயணத்தில் ஜெயராமன் அவர்களும் உடன் நடந்தார்.

அந்நடைப்பயணமே அவருடைய வாழ்வின் திருப்பமாகும். வழியிலுள்ள கிராமங்களில் முதிய உழவர் சிலர் தம்மிடம் எஞ்சியிருந்த பழைய நெல்விதைகளைக் கொணர்ந்து கொடுத்தனர். சேர்ந்தவை சிலவே. ஆயினும் அவற்றைக் கையில் ஏந்தியபோதே, இன்னும் எங்கெங்கு எவரெவர் வீட்டுப் பானையில் எஞ்சியிருக்குமோ என்னும் தேட்டம் ஜெயராமன் அவர்களைப் பற்றிக்கொண்டது. அன்று தொடங்கிய நடை அவர் நோயுறும் வரையில் ஓயவேயில்லை. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வரப்பிலும் வாய்க்காற்கரையிலும் திரிந்து, ஒரு பிடி நெல்லுக்காகப் பல காததூரம் சென்று வந்தார். இராஜாக்கள் காட்டில் வேட்டை தேடித் திரிந்த கதைகளை நாம் படித்திருக்கின்றோம். இவர் வயல்வெளியில் விதை தேடித் திரிந்தார். நம்மாழ்வார் அவர்கள் இவரை ‘நெல்’ ஜெயராமன் என்று அழைத்தார். அதுவே உலகம் அறிந்த பெயராயிற்று.

2004-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச நெல் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு கேரள தேசத்துக் கும்பளங்கியில் ‘நமது நெல்லைக் காப்போம்’ என்னும் இயக்கம் தோன்ற, தமிழ்நாட்டில் அதனை நடத்தும் பொறுப்பு இவரைச் சார்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையில் ஏறி வயல்களை உவராக்கியது. அவ்வயல்களை மீட்க நம்மாழ்வார் முதலியோர் உழைத்தபோது, உவரைத் தாங்கும் பழைய நெல்லின் அருமையை முன்பு நகைத்தவரும் உணர்ந்தனர்.

2006-ஆம் ஆண்டில் கட்டிமேட்டின் அண்டையூராகிய ஆதிரெங்கத்தில் முதல் நெல் திருவிழா நடந்தது. பின்னர் ஆண்டுதோறும் கோடையில் அது நடைபெறலாயிற்று. அத்திருவிழாவின் ஏற்பாடு மிக எளியது. வரும் உழவர் ஒருவருக்கு 2 கிலோ விதைநெல் விலையின்றிக் கொடுக்கப்படும். அவர் அதனை விளைவித்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அந்த 4 கிலோ மேலும் இருவர்க்குச் செல்லும். பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. ஒற்றை நாற்றாக நடுவார்க்கு 2 கிலோ விதை ஏறக்குறைய இரண்டு மாவுக்குப் போதும். அதில் எத்துணை மோசமாக விளைந்தாலும் 4 கிலோ திருப்புவது பாரமாகாது. எல்லோரும் தவறாது திருப்பி, திருப்பியது முழுவதும் மீண்டும் கொடுக்கப்படுமாயின், ஏட்டுக் கணக்கின்படி பத்தாண்டில் 2 கிலோ 2,048 கிலோவாகும். இதன் நுட்பத்தை நம்மவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒருவர் வயல் மூழ்கினாலும் மற்றொருவர் வயலில் அவ்விதை இருக்கும். ஓரிடத்துக் கட்டடத்தில் பூட்டிவைத்த விதைக்கு அந்தக் காவல் இல்லை. ஆயிரக்கணக்கான உழவர் இத்திருவிழாவிற்கு வரலாயினர். ஜெயராமன் அவர்கள் தேடிச் சேர்த்து மீட்ட நெல்வகைகள் 174 ஆயின.

174 வகை என்று வாயாற் சொல்வது எளிது. அவற்றை உயிரோடு காப்பது எத்துணைப் பிரயாசை என்பதை உழுதவரே அறிவர். அன்பர் அளித்த நிலத்தில் ஆதிரெங்கத்தில் அமைந்த பண்ணையில், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி நாற்றங்கால், தனித்தனிப் பாத்தி, தனித்தனி அறுவடை வேண்டும். நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளுமாதலின், வயலில் இனம் கலப்பது குறைவு. களத்திலும் சாக்கிலும் கலப்பதே மிகுதி. அடித்த களத்தைப் பெருக்காமல் அடுத்த வகையை அடித்தால், பல்லாண்டுத் தூய்மை ஒருநாளிற் கெட்டுவிடும். பயிர் பூக்கும் காலத்தில் வரப்போடு நடந்து, நிறத்திலும் உயரத்திலும் மாறுபட்ட தூர்களைக் கண்டு பிடுங்கவேண்டும். பகல் முழுதும் வெட்டவெளியில் நின்று, ஒவ்வொரு பயிரையும் முகமறிந்து பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் உடையவர்க்கே இது கைகூடும். அவருக்கும் மனைவியும் ஒரு மகனும் உண்டு; இல்லறத்தின் கவலை யாவும் உண்டு. வருவாய் தேடவேண்டிய வயதை ஊராருடைய விதைக்குச் செலவிட்டார் என்பதையும், அச்சுமையில் ஒருபாதியை அவர் இல்லத்தாரே சுமந்திருப்பர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

2011-ஆம் ஆண்டில் மாநில அளவிலும், 2015-ஆம் ஆண்டில் தேசிய அளவிலும் அவருக்கு விருதுகள் கிடைத்தன. பயிரினங்களின் மரபுச்செல்வத்தைக் காத்தவர் என்பதற்காகவே தேசிய விருது அளிக்கப்பட்டது.

நிற்க. ‘பழைய நெல் ஏக்கருக்குக் குறைவாகத்தானே காணும்? அதனைப் போற்றினால் வயிறு நிரம்புமா?’ என்று நம் சங்கத்து அநுபவசாலிகள் கேட்பர். நியாயமான கேள்வியே. பழைய நெல்லிற் பல, உரமிட்ட புதுநெல்லின் அளவு காண்பதில்லை என்பது மெய். ஆனால் அதற்கு உரச்செலவும் மருந்துச்செலவும் குறைவு. நெடிய வைக்கோல் மாட்டிற்கும் கூரைக்கும் ஆகும். விலையைப் பொறுத்தவரையில், அதன் அருமை அறிந்து வாங்குவார் இருக்குமிடத்தில் கூடுதலாகக் கிட்டும். இல்லாதவிடத்தில் அது இழப்பே. ஆகவே உள்ள நிலம் முழுவதையும் பழைய நெல்லுக்கு மாற்றுக என்று யாரையும் வற்புறுத்துவது முறையன்று. விளைச்சற் கணக்கு வேறு, விதை காக்கும் கணக்கு வேறு. உண்பதற்கு விளைவிப்பது இவ்வாண்டின் பசிக்கு. விதைக்கு விளைவிப்பது நாம் காணாத ஆண்டின் பசிக்கு.

இவ்வுண்மைக்கு உலக வரலாற்றிலேயே சான்று உளது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுநெல்லைப் புல்குட்டை நோய் என்னும் வைரஸ் நோய் தாக்கி, ஆசியாவிற் பல தேசங்களில் பயிரை அழித்தது. பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் தம்மிடமிருந்த ஆயிரக்கணக்கான நெல் விதைகளைச் சோதித்தனர். அந்நோய்க்கு எதிர்நிற்கும் ஆற்றல், நம் தேசத்து உத்தரப் பிரதேசத்தில் முன்பு சேகரித்த ஒரு காட்டுநெல்லில் மட்டுமே கிடைத்தது. அதனை இணைத்து உண்டாக்கிய ஐ.ஆர். 36 என்னும் நெல் 1976-ஆம் ஆண்டு வெளிவந்து கோடிக்கணக்கான மக்களின் உணவைக் காத்தது. ஒருவரும் விலைமதிக்காத ஒரு புல்லின் மணியை எவரோ ஒருவர் எடுத்துவைத்திராவிடின் என்ன ஆகியிருக்கும்? புதுநெல்லுக்கே பழநெல்தான் தாய்வீடு. ஆடுதுறை 27-இன் பெற்றோருள் ஒன்று நம் ஜி.ஈ.பி. 24 என்பதையும் ஈண்டு நினைவுகூர்க. மத்தியப் பிரதேசத்தில் டாக்டர் ரிச்சாரியா பல்லாயிரம் நெல் மாதிரிகளைத் திரட்டியதும், வங்காளத்திலும் ஒரிஸ்ஸாவிலும் தேபல் தேப் அவர்கள் ஆயிரத்திற்கு மேற்பட்ட வகைகளை ஆண்டுதோறும் விதைத்துக் காத்ததும் இக்கருத்தினாலேயாம். அவ்விருவரும் கற்றுத் துறைபோய விஞ்ஞானிகள். நம் ஜெயராமன் அவர்களோ ஊர்ப் பொதுத்தொண்டர். காரியம் ஒன்றே.

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் நம்மாழ்வார் அவர்கள், பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் காலமானார். நம் மண்ணுக்கடியிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த பயணத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அத்திட்டப் பகுதிக்கு நமது மன்னார்குடியின் பெயரே இடப்பட்டிருந்ததை அன்பர்கள் மறந்திரார். 2020-ஆம் ஆண்டு இப்பகுதி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. நீருக்காக நம் உழவர் 1983-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தை அடைந்து தொடங்கிய வழக்கும், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் தீர்ப்பில் ஒருவாறு முடிவு கண்டது. நிலத்திற்குச் சட்டமும் நீருக்குத் தீர்ப்பும் கிடைத்தன. விதையைக் காப்பதற்கு மட்டும், விதைப்பவர் கையையன்றி வேறு துணையில்லை.

குருவை இழந்த பின்னரும் ஜெயராமன் அவர்கள் தளரவில்லை. ஆனால் புற்றுநோய் அவரைப் பற்றியது. நோயோடு போராடிக்கொண்டே திருவிழாவை நடத்தினார். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா என்னும் பெரும்புயல் வேதாரணியத்தருகே கரையேறித் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களைச் சூறையாடியது நம்மில் ஒவ்வொரு குடும்பமும் அறிந்த துயரம். தென்னைகள் வேரோடு சாய்ந்து, வீடுகள் கூரையிழந்து கிடந்த அந்நாட்களில், அவர் சென்னை மருத்துவமனையில் கிடந்தார். புயல் அடித்து 20 நாட்களில் அவர் ஆவி நீங்கியது. சாய்ந்த மரங்கள் இன்னும் அகற்றப்படாத அவ்வூர் மண்ணுக்கே அவர் உடல் வந்து சேர்ந்தது.

அவர் மறைந்தபின், தமிழ்நாட்டு அரசின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் அவர் வரலாறு இடம்பெற்றது. 2021-ஆம் ஆண்டு வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில் மரபு நெல்லைக் காக்கும் இயக்கம் ஒன்று அவர் பெயராலேயே அறிவிக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழாவும் அவர் காலத்தோடு நின்றுவிடவில்லை. இவையெல்லாம் அவருக்குச் சிறப்பே. எனினும், பாடநூலில் அச்சிட்ட நெல் முளைக்காது என்பதை உழவர் குடியிற் பிறந்த நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நிலமுள்ள ஒவ்வொரு வீட்டாரும், ஐந்து மா உடையவராயினும் ஐந்து வேலி உடையவராயினும், ஒரு மூலையில் அரை மா ஒதுக்கி, தத்தம் பாட்டனார் காலத்தில் அவ்வூரில் விளைந்த நெல் ஒன்றை மட்டும் ஆண்டுதோறும் விளைவித்து வருக. எந்த நெல் என்று அறியாதார், வீட்டிலுள்ள முதிய பெண்மக்களைக் கேட்பாராக; அவர்கள் சொல்லும் பெயர்களைப் பிள்ளைகள் ஏட்டில் எழுதிவைப்பாராக. பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்போர், தம் நிலத்தைப் பயிரிடும் குத்தகைதாரரிடம் இதனைச் சொல்லி, அந்த அரை மாவிற்கு நெல் கேளாதிருப்பாராக. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்கு வருவோர் மாலையும் பொன்னாடையும் கொணர்வதினும், 2 கிலோ விதை கொணர்ந்து, வேறோர் ஊராரிடம் கொடுத்துச் செல்வது மேலான மரியாதையாகும். வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்புவாராக.

ஜெயராமன் அவர்கள் 174 வகை காத்தார். நம் குடும்பத்துக்கு ஒன்று என்பது பெரிய பாரமன்று. வருகின்ற ஆடிப்பட்டத்திற்குள் இதனை ஆலோசித்து முடிவு செய்க.

மழை பொழிக, காவிரி பெருகுக, விதை நிலைபெறுக.